முதுகுடுமியின் முரசும் ஜனவரி முதல் தேதிப் பட்டியலும்

2025 ஜூன் மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, குவைத்திலிருந்து என் சிற்றப்பா மகன் அழைத்தான். பென்னாகரத்தில் என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். அங்கே குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறான். வழக்கமாக ஊரில் மழை உண்டா, புளி என்ன விலை போகிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று அவன் கேட்டது வேறு. "அண்ணா, ரூம்ல எல்லாரும் தண்ணி கேன் வாங்கி அடுக்குறாங்க. எதுத்த கரையில ஈரான்காரன் அணு உலை இருக்குதாம். அதுல குண்டு விழுந்தா இங்க குடிக்கத் தண்ணியே இருக்காதுங்கிறாங்க. நெசமா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

தண்ணீர் குறித்த அச்சத்தைப் பென்னாகரத்துக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தலைமுறையின் பற்களில் பழுப்புக் கறை ஏறியிருப்பது ஆழ்துளைக் கிணறுகளின் ஃப்ளோரைடு தந்தது. மூட்டு இறுகி, முதுகு வளைந்து நடந்த பெரியவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறோம். அந்த விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கும்போது நாக்குக்கும் தெரியாது. ஒகேனக்கல்லில் காவிரி கொட்டும் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது. ஆகவே அவன் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அவன் கேட்டது புஷேர் அணுமின் நிலையத்தைப் பற்றி. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தெஹ்ரானைவிட குவைத் நகரம்தான் புஷேருக்கு அருகில் இருக்கிறது. குவைத்தில் ஆறு கிடையாது. கடல்நீரை உப்பு நீக்கியே குடிக்கிறார்கள். கத்தாரிலும் அப்படித்தான். கடலில் கதிரியக்கம் கலந்தால் தன் நாட்டில் மூன்று நாளில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று கத்தார் பிரதமர் 2025 மார்ச்சில் ஒரு நேர்காணலில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கியது. 19ஆம் தேதி இஸ்ரேலிய ராணுவப் பேச்சாளர் ஒருவர் புஷேரும் தாக்கப்பட்டதாகக் கூறிவிட்டு, பிறகு அது தவறு என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். மறுநாள் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எச்சரித்தார். ஈரானின் அணு நிலையங்களுள் தாக்கப்பட்டால் மிக மோசமான விளைவைத் தரக்கூடியது புஷேர்தான் என்றார். உலையின் மீது நேராகக் குண்டு விழ வேண்டும் என்பதுகூட இல்லை, அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் இரண்டு கம்பித் தடங்கள் அறுந்தாலே உலையின் மையம் உருகக்கூடும் என்றும் சொன்னார். என் தம்பியின் அறையில் தண்ணீர் கேன் அடுக்கியவர்கள் அறியாமையால் அதைச் செய்யவில்லை.

22ஆம் தேதி அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் ஆகிய மூன்று நிலையங்களின் மீது குண்டு வீசியது. புஷேர் தப்பியது. கேன்களைப் பிரித்துக் குடித்துவிட்டார்கள்.

இனி, இத்தகைய தாக்குதல்களுக்கு உலகம் என்ன சொல்லி வந்திருக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலிய விமானங்கள் பாக்தாத் அருகே பிரான்ஸ் கட்டிக்கொண்டிருந்த ஒசிராக் உலையை அழித்தன. பன்னிரண்டு நாளில் பாதுகாப்புச் சபை 487ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அமெரிக்காவும் கை தூக்கியது. கடுமையான கண்டனம், ஈராக்குக்கு இழப்பீடு பெற உரிமை உண்டு என்ற வாசகம், இஸ்ரேலும் தன் அணு நிலையங்களை முகமையின் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்ற அழைப்பு, எல்லாம் அதில் இருந்தன. தடை எதுவும் இல்லை. இஸ்ரேலின் நிலையங்கள் கண்காணிப்புக்குள் வரவும் இல்லை. ஆனாலும், பின்னால் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் அந்தத் தீர்மானமே பொற்காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

நியாயம் கேட்டு நின்ற அதே ஈராக், 1984 முதல் 1988 வரை, கட்டி முடிக்கப்படாதிருந்த புஷேர் நிலையத்தைப் பலமுறை தாக்கியது. அப்போது பாதுகாப்புச் சபை 487ஐப் போல் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரவில்லை. அணுசக்தி முகமையின் பொது மாநாடு 1985இலும் 1990இலும் பொதுப்படையான தீர்மானங்களை இயற்றியது. அணு நிலையங்கள் மீதான ஆயுதத் தாக்குதல், தாக்கப்பட்ட நாட்டின் எல்லைக்குள்ளும் எல்லைக்கு அப்பாலும் கடும் விளைவுகளைத் தரும் கதிரியக்கக் கசிவை உண்டாக்கலாம் என்பது அவற்றின் சாரம். 'எல்லைக்கு அப்பாலும்' என்ற சொற்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1990 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இத்தகைய தாக்குதல்களைத் தடை செய்யக் கோரித் தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே, வளைகுடாப் போரில், பாக்தாத் அருகே துவைதாவில் எஞ்சியிருந்த ஆய்வு உலைகளின் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. 2007இல் சிரியப் பாலைவனத்தில் இஸ்ரேல் ஒரு கட்டடத்தைத் தகர்த்தபோது, அரபு நாடுகள்கூட ஏறக்குறைய மௌனம் காத்தன. அது உலையாக இருந்திருக்க மிக வாய்ப்புண்டு என்று முகமை சொன்னது 2011இல்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 56ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. அணைகள், கரைகள், அணுமின் நிலையங்கள் ஆகிய மூன்றையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. உடைந்தால் உள்ளிருக்கும் சக்தி வெளிப்பட்டு மக்களை அழிக்கும் என்பதே மூன்றுக்கும் பொதுவான குணம். ஒரே கோட்டில் அமைந்த மூன்று செம்மஞ்சள் வட்டங்கள் இவற்றுக்கான பாதுகாப்புக் குறி. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் விளிம்பில், நாகமரைப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இந்த வரிசையின் தர்க்கம் எளிதில் புரியும். 120 அடித் தண்ணீரைச் சுவரெழுப்பி நிறுத்தி வைத்திருப்பதும் ஒருவகையில் உலைதான்.

ஆனால் அந்தப் பிரிவுக்குள் ஒரு கதவும் இருக்கிறது. அணுமின் நிலையம் ராணுவ நடவடிக்கைகளுக்குத் தொடர்ச்சியாக, கணிசமாக, நேரடியாக மின்சாரம் தந்து, அதை நிறுத்தத் தாக்குதலைத் தவிர வேறு வழி இல்லையென்றால் பாதுகாப்பு நீங்கிவிடும். அதோடு இப்பிரிவு மின்சாரம் தயாரிக்கும் நிலையங்களை மட்டுமே குறிப்பிடுகிறது. ஒசிராக் ஆய்வு உலை, நதான்ஸ் செறிவூட்டல் நிலையம் எதுவும் இதில் அடங்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா, இஸ்ரேல், ஈரான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய ஐந்தும் இந்த நெறிமுறையை ஏற்று உறுதிசெய்யாத நாடுகள்.

இவ்விடத்தில் கொஞ்சம் விலகிச் சென்று புறநானூற்றைத் தொட விரும்புகிறேன். இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் போர் அறம் என்று பேச்செடுத்தால் யாரேனும் ஒருவர் ஒன்பதாம் பாட்டைச் சொல்லிவிடுவார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. பசுக்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடம் சேருங்கள், எங்கள் அம்புகள் வரப்போகின்றன என்று முன்கூட்டி அறிவித்துப் போர் தொடுக்கும் அறநெறி அதில் பேசப்படுகிறது. ஜெனீவாவுக்கு ஈராயிரம் ஆண்டு முன்பே நம்மிடம் இருந்தது என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியவன்தான். ஆனால் ஆறு பாட்டுத் தள்ளிப் பதினைந்தாம் பாட்டைப் படிப்பவர் குறைவு. புலவர் அவரே, மன்னனும் அவனே. பகைவர் தெருக்களைத் தேரோட்டிக் குழியாக்கிக் கழுதை பூட்டிப் பாழ்செய்தாய், விளைவயல்களில் தேரைச் செலுத்தினாய், காவலுடைய குளங்களில் உன் யானைகளை இறக்கிப் படியச் செய்தாய் என்று அதில் புகழ்கிறார் நெட்டிமையார். காவல் வைத்துப் போற்றிய குடிநீர்க் குளத்தில் யானையை இறக்கினால் அந்த ஊர் எத்தனை நாள் தாங்கும்? ஒரே வாயால் அறிவிப்பும் பாடப்பட்டது, நடப்பும் பாடப்பட்டது. நெட்டிமையாருக்கு இதில் முரண் தோன்றியதாகத் தெரியவில்லை.

2022இல் உக்ரைனில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்தக் குளம்தான் நினைவுக்கு வந்தது. மார்ச் 4 அன்று ஸப்போரிஷியா அணுமின் நிலையத்தை ரஷ்யப் படை சண்டையிட்டுக் கைப்பற்றியது. ஆறு உலைகள் கொண்ட, ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நிலையம். மறு ஆண்டு ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தது. நிலையத்தின் குளிர்விப்புக்குத் தண்ணீர் தந்த நீர்த்தேக்கம் வடிந்து போனது. 56ஆம் பிரிவு ஒரே வரியில் எழுதிய இரண்டும் ஒரே போரில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டன. உலைகள் நிறுத்தப்பட்டிருந்ததால் பெரும் விபத்து நேரவில்லை. நிறுத்தி வைத்தாலும் உலைக்கும், பயன்படுத்திய எரிபொருளுக்கும் தண்ணீரும் மின்சாரமும் ஓயாமல் வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் வெளி மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் டீசல் ஜெனரேட்டர்களாலேயே அது காப்பாற்றப்பட்டது.

தூரத்துச் செய்தி என்று இதை ஒதுக்குவதற்கில்லை. ஸப்போரிஷியாவில் இருப்பவை வி.வி.இ.ஆர். 1000 வகை உலைகள். புஷேரில் இருப்பதும் அந்த வகைதான். கூடங்குளத்தில் 2014 இறுதியிலும் 2017இலும் வணிக உற்பத்தி தொடங்கிய இரண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வடிவமைப்பில் வேறுபாடுகள் உண்டு, கூடங்குளம் பிந்தைய மாதிரி. ஆயினும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நம்பி வாழும் உயிர்நிலை மூன்றுக்கும் ஒன்றே. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் ஆழிப்பேரலை உலைக்கட்டடத்தைத் தொடவில்லை, கடல்நீர் எடுக்கும் பம்ப் நிலையத்துக்குள்தான் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்த முடிந்தது. அலைக்குப் பதில் ஏவுகணை வந்தால் அது ஒருமுறை வந்துவிட்டுத் திரும்பிப் போகாது. கூடங்குளப் போராட்டக் காலத்தில், 2011இலும் 2012இலும், நிலநடுக்கம், ஆழிப்பேரலை, மீன்வளம் என்று எல்லாவற்றையும் இரு தரப்பும் அலசின. போர் வந்தால் என்ன என்ற கேள்வி அதிகம் எழவில்லை. நம் கடற்கரை குண்டு விழாத கரை என்ற எண்ணம் நமக்கு. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கதையில், கெட்டிக்காரனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

இந்தியா இவ்விஷயத்தில் என்ன செய்தது? 2022 மார்ச் 3 அன்று அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு உக்ரைனின் அணு நிலையங்கள் தொடர்பாக ரஷ்யாவைக் கண்டித்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. 2024 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபையில் ஸப்போரிஷியாவைப் பற்றிய தீர்மானம் 99 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியபோதும் விலகியே நின்றது. 2025 ஜூன் 14 அன்று ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு ஈரான் மீதான தாக்குதலைக் கண்டித்து அறிக்கை விட்டது. அந்த விவாதத்தில் தாங்கள் பங்கேற்கவில்லை என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. மூன்றே வாரத்தில், ஜூலையில், பிரிக்ஸ் நாடுகளின் ரியோ பிரகடனம் வந்தது. முகமையின் முழுக் கண்காணிப்பில் உள்ள அமைதிப் பயன்பாட்டு அணு நிலையங்கள் தாக்கப்பட்டது குறித்து அது கவலை தெரிவித்தது. அதில் இந்தியாவும் சேர்ந்தது. செப்டம்பரில் தியான்ஜின் பிரகடனத்திலும் சேர்ந்தது. காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. கூடங்குளத்தைக் கட்டுகிறவரும் எரிபொருள் தருகிறவரும் ரஷ்யர், இஸ்ரேலும் அமெரிக்காவும் ஆயுதத் தொழிலில் கூட்டாளிகள், ஈரான் பழைய நட்பு. மற்றவர்களும் யோக்கியர்களில்லை. ஸப்போரிஷியாவைப் பிடித்து வைத்திருக்கும் ரஷ்யா ஃபோர்டோவுக்காக நியாயம் பேசியது. ஸப்போரிஷியாவுக்காக நியாயம் பேசிய அமெரிக்கா ஃபோர்டோவில் குண்டு போட்டது.

என் ஆதங்கம் வேறு. பிறர் எவரிடமும் இல்லாத ஒன்று நம் கையில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஏன் விலகி நிற்கிறோம் என்பதே அது.

ஒசிராக் தாக்கப்பட்ட பின், இந்தியாவும் பாகிஸ்தானின் கஹூட்டா நிலையத்தை அவ்வாறே அழிக்கக்கூடும் என்ற பேச்சு எண்பதுகளின் தொடக்கத்தில் எழுந்தது. அப்படிச் செய்தால் நம் ட்ராம்பே என்னாகும் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியா உல் ஹக்கும் ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் இஸ்லாமாபாத் சென்றிருந்தபோது, பெனசீர் பூட்டோ பிரதமராக இருக்க, அது எழுத்தில் கையெழுத்தாயிற்று. 1991 ஜனவரி 27 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மிகச் சிறிய ஒப்பந்தம் அது. மற்றவரின் அணு நிலையத்தை அழிக்கவோ சேதப்படுத்தவோ மாட்டோம், அத்தகைய செயலைத் தூண்டவும் மாட்டோம், நேராகவோ மறைமுகமாகவோ பங்கேற்கவும் மாட்டோம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியில் நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பரிமாறிக்கொள்வோம். பட்டியலில் வரவேண்டியவை எவை? மின் உலை, ஆய்வு உலை, எரிபொருள் தயாரிப்பு, செறிவூட்டல், மறுசுத்திகரிப்பு, கணிசமான கதிரியக்கப் பொருளைச் சேமித்து வைக்கும் கிடங்கு. அமைதிக்கானதா, ஆயுதத்துக்கானதா என்ற கேள்வியே அதில் கிடையாது. கண்காணிப்பில் உள்ளதா இல்லையா என்றும் கேட்கவில்லை. 487ஆம் தீர்மானம் முதல் ரியோ பிரகடனம் வரை உலகம் பேசியதெல்லாம் 'அமைதிப் பயன்பாட்டு' நிலையங்களைக் குறித்தே. தாக்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இது அமைதிக்கானதல்ல என்று சொல்லிவிட வேண்டும். ஒசிராக்கிலும் ஃபோர்டோவிலும் அதுதான் சொல்லப்பட்டது. ஒருவரையொருவர் துளியும் நம்பாத இந்த இரண்டு அண்டை நாடுகள் அந்தக் கதவை முதலிலேயே அடைத்துவிட்டன.

முதல் பட்டியல் 1992 ஜனவரி 1 அன்று கைமாறியது. இரு தரப்பும் சிலவற்றை விட்டுவிட்டதாக அப்போதே பேசப்பட்டது, இருக்கலாம். ஆனால் கார்கில் போருக்குப் பின்வந்த ஜனவரியிலும் பட்டியல் போயிற்று. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், எல்லையில் லட்சக்கணக்கான வீரர்கள் நின்றுகொண்டிருந்த 2002 ஜனவரியிலும் போயிற்று. மும்பைத் தாக்குதலுக்கு ஐந்து வாரம் கழித்துப் போயிற்று. 2025 மே மாதத்து நான்கு நாள் சண்டையில் பாகிஸ்தானின் கிரானா மலை அணுக்கிடங்கு தாக்கப்பட்டது, கதிர்வீச்சு கசிகிறது என்று வாட்ஸப் முழுதும் வதந்தி. பென்னாகரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையில்கூட அதை வெற்றிச் செய்தியாக எனக்குக் காட்டினார்கள். விமானப்படை அதிகாரி ஏ.கே. பாரதி அதைத் தாக்கவில்லை என்று நிருபர்களிடம் மறுத்தார். பாகிஸ்தானின் எந்த நிலையத்திலும் கசிவில்லை என்று முகமையும் கூறியது. நதிநீர் ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது, விசாக்கள் ரத்தாயின, வான்வழி மூடப்பட்டது. 2026 ஜனவரி 1 அன்று, தொடர்ந்து முப்பத்தைந்தாவது முறையாக, பட்டியல் கைமாறியது.

இதை அறத்தின் வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. அச்சம்தான் காரணம். கஹூட்டாவில் கிளம்பும் புகை எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு காட்டப் போவதில்லை. ட்ராம்பேயில் கசிவது அரபிக் கடலோடு நின்றுவிடாது. அடிக்கிறவனும் அடிபடுகிறவனும் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்கள் என்பதே அந்த ஒப்பந்தத்துக்குப் பிணை. மற்ற இடங்களில் இல்லாதது இந்தப் பிணைதான். நதான்ஸில் குண்டு போடும் விமானம் மிசௌரியிலிருந்து கிளம்பி மிசௌரிக்கே திரும்பிவிடுகிறது. காற்று திரும்பினால் மூச்சு முட்டுவது அதை ஓட்டியவருக்கல்ல, நடுவில் கிடக்கும் குவைத்துக்கும் கத்தாருக்கும், அங்கே பிழைக்கப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான்.

இப்படிப் பார்த்தால் முகமையின் மாநாட்டில் இந்தியா பேசுவதற்குத் தெளிவான ஒரு வாசகம் இருக்கிறது. யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டாம், ரஷ்யாவையோ அமெரிக்காவையோ பகைத்துக்கொள்ள வேண்டாம். 1988 ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தை அப்படியே எடுத்து, நாட்டின் பெயர்களை நீக்கிவிட்டு, எல்லோரும் கையெழுத்திடுங்கள் என்று மேசையில் வைக்கலாம். முன்மொழிவதற்குப் பாகிஸ்தானையும் கூட அழைக்கலாம். 2025 செப்டம்பரில் ஈரான் அணு நிலையத் தாக்குதல்களைத் தடை செய்யக் கோரும் ஒரு தீர்மானத்தை அங்கே கொண்டுவந்து, எதிர்ப்பும் நெருக்கடியும் வர, வாக்கெடுப்புக்கு விடாமலே திரும்பப் பெற்றுக்கொண்டது. தாக்கப்பட்டவர் கேட்டால் அது வழக்கு. முப்பத்தைந்து ஆண்டாக நடத்திக்காட்டிய இருவர் சேர்ந்து கேட்டால் மறுப்பதற்குக் கொஞ்சம் கூசும். பெரிய வல்லரசுகள் அப்போதும் கையெழுத்திடாது என்று நண்பர் ஒருவர் சிரித்தார். இடாமல் போகலாம். இடாதவர் பெயர் பதிவாகும், அவ்வளவுதான். இப்போது விலகி நின்றவர் பட்டியலில் நம் பெயர் பதிவாகியிருக்கிறது.

தம்பிக்கு மறுநாள் நான் சொன்ன பதில் இவ்வளவு நீளமானதல்ல. கேன் வாங்கி வைத்ததில் தவறில்லை, ஒரு வாரத்துக்கானதை வைத்துக்கொள் என்றேன். "நம்ம ஊர்ல போர்த்தண்ணி குடிச்ச மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷமாண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.